தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் அற ஈரடித்தன்மை

அற ஈரடித்தன்மை என்பது, கதையில் வரும் ஒரு பாத்திரத்தையோ அப்பாத்திரத்தின் செயலையோ நல்லது என்றோ தீயது என்றோ ஒரே சொல்லில் வகைப்படுத்த இயலாத நிலையைக் குறிக்கும். காப்பியம், நாட்டார் கதை, நாடகம், புதினம், திரைப்படம் ஆகிய எல்லாக் கதை வடிவங்களிலும் இது காணப்படுகின்றது. தொலைக்காட்சி நெடுந்தொடர்களில் இது தனித்த ஒரு வடிவம் எடுக்கின்றது. பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள், ஒரே பாத்திரத்தை நாள்தோறும் வீட்டுக்குள் பார்க்கும் பார்வையாளர் அப்பாத்திரத்தோடு பழகிவிடுகிறார். இதனால் எழுதியவர் தீயவராகக் கருதிய பாத்திரம் விரும்பப்படுவதும், நல்லவராகக் கருதிய பாத்திரம் வெறுக்கப்படுவதும் நிகழ்கின்றன. தமிழில் இதற்கு அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான எதிர்நீச்சல் தொடரின் ஆதி குணசேகரன் என்னும் பாத்திரம் ஆகும்.

சொல்லும் பொருளும்

ஈரடி என்ற சொல் இரு வகையாகப் பொருள்கொள்ள இடம் தருவதைக் குறிக்கும். அறம் தொடர்பில் இதனைப் பயன்படுத்தும்போது, பின்வரும் நிலைகளிலிருந்து இதனைப் பிரித்தறிதல் வேண்டும்.

* அறச்சிக்கல்: இரண்டு கடமைகள் மோதும்போது எதைத் தேர்வது என்னும் நெருக்கடி. இங்கு பாத்திரம் நல்லவராகவே இருக்கலாம். தேர்வு மட்டுமே கடினமானது.
* மனமாற்றம்: தீயவர் ஒருவர் திருந்துவது. கதையின் முற்பகுதியில் அவர் தீயவர், பிற்பகுதியில் நல்லவர். எந்த ஒரு கணத்திலும் அவரைப் பற்றிய தீர்ப்பில் ஐயம் இருப்பதில்லை.
* மறைபொருள்: பாத்திரம் நல்லவரா தீயவரா என்பது கதையின் இறுதிவரை மறைத்து வைக்கப்படுவது. இது தகவல் இல்லாமையால் எழும் ஐயமேயன்றி அறம் பற்றிய ஐயமன்று.

அற ஈரடித்தன்மையில் பார்வையாளருக்கு எல்லாத் தகவல்களும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் தீர்ப்பு சொல்ல இயலாமலோ, சொன்ன தீர்ப்புக்கு எதிராகத் தம் மனம் செல்வதை உணர்ந்தோ அவர் இருப்பார். தமிழ்த் தொடர்களில் பெரும்பாலும் காணப்படுவது மனமாற்றமே. இறுதி வாரத்தில் எதிர்நாயகன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதை ஈரடித்தன்மை எனக் கருதுதல் பொருந்தாது.

பின்னணி

காப்பியமும் நாட்டார் கதைகளும்

தீமையைத் தனியொரு பாத்திரத்தில் ஏற்றிக் காட்டும் வழக்கமும், தவறு செய்த மனிதரைப் பரிவோடு காட்டும் வழக்கமும் தமிழ் மரபில் அருகருகே இருந்து வந்துள்ளன. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் முழுமையான தீயவன். ஆனால் கோவலன் மனைவியைப் பிரிந்து சென்றவனாகவும் இரக்கத்துக்குரியவனாகவும் காட்டப்படுகிறான். ஆராயாது கொலைத்தண்டனை விதித்த பாண்டியன், தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே உயிர் துறந்து பெருமை பெறுகிறான். நீதி கேட்டு வந்த கண்ணகியின் சினத்தில் மதுரை நகரமே எரிகிறது.

தென் மாவட்டங்களில் பரவலாக வழங்கும் நல்லதங்காள் கதையும் இத்தகையது. பஞ்ச காலத்தில் ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீட்டை நாடி வரும் நல்லதங்காள், அண்ணன் மனைவி மூளி அலங்காரியால் அவமதிக்கப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுந்து இறக்கிறாள். பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள் என்று கதை அவளைத் தள்ளிவிடுவதில்லை, அவளுக்காக அழுகிறது. மூளி அலங்காரிக்கு அத்தகைய பரிவு எதுவும் கிடைப்பதில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் கொடுமைக்கார அண்ணி, நாத்தனார், மாமியார் என வரும் பாத்திரங்களுக்கு மூளி அலங்காரியை முன்னோடியாகக் கொள்ளலாம்.

இசை நாடகம்

சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) இக்கதைகள் பலவற்றை மேடை நாடகங்களாக ஆக்கினார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, அரிச்சந்திரா, நல்லதங்காள் முதலியவை மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களின்போது இரவு முழுவதும் நடிக்கப்பட்டு வந்துள்ளன. இவை ஸ்பெஷல் நாடகம் என்றும் அழைக்கப்படுகின்றன. பார்ப்பவர்களுக்குக் கதையின் முடிவு முன்பே தெரியும். ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட, இவர் ஏன் இப்படிச் செய்தார் என்பதையே நடிகர்களின் தர்க்கப் பாட்டுகளும் உரையாடல்களும் விரித்துப் பேசுகின்றன. மேடையில் இரு தரப்பும் தத்தம் நியாயத்தை வாதிடும் இம்முறை, பிற்காலக் குடும்பத் தொடர்களின் நீண்ட வாக்குவாதக் காட்சிகளோடு ஒப்பிடத்தக்கது.

தொடர்கதையும் நிலக்கோட்டை வட்டாரமும்

நிலக்கோட்டை திண்டுக்கல் மாவட்டத்தின் தென்பகுதிச் சமவெளியில், மதுரை, தேனி மாவட்டங்களை ஒட்டி அமைந்த பேரூர். பூச்சந்தைக்குப் பெயர் பெற்றது. திண்டுக்கல் மாவட்டம் 1985 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன் இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழில் தொடர்கதை என்னும் வடிவத்தின் தொடக்ககாலச் சாதனைகளுள் ஒன்று இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவருடையது. நிலக்கோட்டைக்கு அருகிலுள்ள வத்தலக்குண்டில் பிறந்த பி. ஆர். ராஜமையர் (1872–1898) எழுதிய கமலாம்பாள் சரித்திரம், 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வெளிவந்தது.

மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் கற்பனை ஊரில் நிகழும் இக்கதையில், நற்குணம் கொண்ட முத்துசுவாமி ஐயர் ஊர்ப்பேச்சுக்குச் செவிகொடுத்துத் தம் மனைவி மீது ஐயம் கொள்கிறார். தீமையை இங்கு விளைவிப்பது தனியொரு தீயவன் மட்டும் அல்லன். கூடிப் பேசிப் பிறர் வாழ்வைத் தீர்ப்பிடும் ஊராரும் அதில் பங்கு கொள்கின்றனர். இக்கூட்டத்தை ராஜமையர் வம்பர் மகாசபை என நகைச்சுவையாகக் குறிப்பிடுகிறார். நல்லவர் ஒருவர் ஐயத்தால் கொடுமை இழைப்பது, ஊர்ப்பேச்சே தீர்ப்பாவது ஆகிய இவ்விரு கருக்களும் நூறாண்டுகளுக்குப் பின் வந்த தொலைக்காட்சித் தொடர்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டுள்ளன.

தொலைக்காட்சியின் வருகை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 இல் தொடங்கப்பட்டது. தென் மாவட்டங்களின் சமவெளிகளுக்குத் தொலைக்காட்சி பரவலாக எட்டியது 1980களின் பிற்பகுதியில், கொடைக்கானல் மலையில் அமைக்கப்பட்ட உயர்திறன் ஒளிபரப்பி மூலமாகும். மலையடிவாரத்தில் இருக்கும் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு முதலிய ஊர்களுக்கும் இவ்வழியாகவே தூர்தர்சன் அறிமுகமாயிற்று. 1993 இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்ட பின் கம்பிவடத் தொலைக்காட்சி சிற்றூர்கள் வரை பரவியது. 2006 இல் ஆட்சிக்கு வந்த தமிழக அரசு செயல்படுத்திய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், இதுவரை தொலைக்காட்சி இல்லாதிருந்த ஏழை வீடுகளுக்கும் நெடுந்தொடர்களைக் கொண்டு சேர்த்தது.

இம்மாற்றத்தால் நாடகம் பார்க்கும் இடமும் மாறியது. திருவிழாத் திடலில் ஆண்டுக்கு ஓரிரு இரவுகள் ஊரோடு கூடிப் பார்த்த நாடகத்தின் இடத்தில், வீட்டுக்குள் குடும்பத்தாரோடு நாள்தோறும் பார்க்கும் நாடகம் வந்தது. மாமியார் கொடுமை பற்றிய காட்சியை மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் அமர்ந்து பார்க்கும் நிலை ஏற்பட்டது. அற ஈரடித்தன்மையை ஆராய்வோர் கருத்தில் கொள்ள வேண்டிய சூழல் இது.

தொடக்ககாலத் தொடர்கள்

வாரம் ஒருமுறை ஒளிபரப்பான தொடக்ககாலத் தொடர்கள் குறைந்த எண்ணிக்கையிலான அத்தியாயங்களைக் கொண்டிருந்தன. முழுக் கதையும் முன்கூட்டியே எழுதப்பட வாய்ப்பு இருந்ததால், பாத்திரங்களின் உள்முரண்களைத் திட்டமிட்டு வளர்க்க முடிந்தது.

இயக்குநர் கே. பாலசந்தர் திரைப்படத்தில் கையாண்ட குடும்ப அறச்சிக்கல்களைத் தொலைக்காட்சிக்கும் கொண்டு வந்தார். ரயில் சிநேகம், கையளவு மனசு முதலியவை அவருடைய தொலைக்காட்சிப் படைப்புகள். அவரது சிந்து பைரவி (1985) திரைப்படத்தில், மணமான இசைக்கலைஞர் ஒருவருக்கும் சிந்து என்னும் பெண்ணுக்கும் உறவு ஏற்படுகிறது. இறுதியில் சிந்து தன் குழந்தையை அவருடைய மனைவி பைரவியிடம் ஒப்படைத்துவிட்டு விலகிச் செல்கிறாள். மூவருள் எவரையும் தீயவர் என ஒதுக்க இயலாத இக்கதையின் தொடர்ச்சியாக, சஹானா என்னும் தொடர் 2003 இல் ஜெயா தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. திரைப்படத்தில் தியாகமாக முடிந்த செயலின் பின்விளைவுகளை அடுத்த தலைமுறையில் தேடுவது இத்தொடரின் சிறப்பு.

1990களின் பிற்பகுதியில் வந்த மர்மதேசம் தொடர்வரிசை மற்றொரு வகைக்கு எடுத்துக்காட்டு. மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் (மறைவு 2024) எழுதி நாகா இயக்கிய விடாது கருப்பு இவ்வரிசையில் பெரும் புகழ் பெற்றது. மதுரை, திண்டுக்கல் வட்டாரச் சிற்றூர்களில் கருப்புசாமி ஊர்க்காவல் தெய்வமாக வழிபடப்படுகிறது. தவறு செய்தவரைக் கருப்பு தண்டிக்கும் என்னும் நம்பிக்கையே இத்தொடரின் கரு. தண்டனைகளுக்குப் பின்னால் மனப்பிளவு கொண்ட ஒரு மனிதர் இருப்பதைக் கதை வெளிப்படுத்துகிறது. தண்டிக்கப்பட்டவர்கள் குற்றம் செய்தவர்களே. தண்டித்தவர் தாம் செய்வதை அறியாதவர். இங்கு குற்றவாளி யார் என்னும் வினாவுக்குச் சட்டம், மருத்துவம், ஊர் நம்பிக்கை ஆகிய மூன்றும் மூன்று விடைகளைத் தருகின்றன.

நெடுந்தொடர்கள்

சித்தி (1999–2001), மெட்டி ஒலி (2002–2005), கோலங்கள் (2003–2009) முதலிய தொடர்கள் நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர் வடிவத்தை நிலைபெறச் செய்தன. இவ்வடிவம் அற ஈரடித்தன்மையைக் குறைக்கும் காரணிகளையும் வளர்க்கும் காரணிகளையும் ஒருங்கே கொண்டுள்ளது.

குறைக்கும் காரணிகள்:

* சில நாட்கள் பார்க்கத் தவறியவரும் உடனே கதையைப் பின்தொடர வேண்டும். இதனால் பார்த்த மாத்திரத்தில் இனங்காணத்தக்க நல்லவர், தீயவர் என்னும் பிரிவு தேவைப்படுகிறது. பின்னணி இசை, அண்மைக் காட்சி, ஒப்பனை ஆகியவை இப்பிரிவை வலியுறுத்துகின்றன.
* சமையல், உணவு பரிமாறல் முதலிய வேலைகளுக்கிடையே காதால் கேட்டுக்கொண்டே பார்ப்போர் பலர். நுண்ணிய முகக்குறிப்பைவிட உரத்த உரையாடலே இவர்களை எட்டுகிறது.
* ஒவ்வொரு நாளும் ஒரு திருப்பத்தில் முடிய வேண்டியிருப்பதால் புதிய சூழ்ச்சிகள் தேவைப்படுகின்றன. சூழ்ச்சி செய்ய ஒரு தீயவர் எப்போதும் வேண்டும்.

வளர்க்கும் காரணிகள்:

* நூற்றுக்கணக்கான அத்தியாயங்களில் ஒருவரைத் தீயவராக மட்டும் காட்டுதல் அரிது. அவர் உண்பதும் உறங்குவதும் நோயுறுவதும் பிள்ளைகளுக்காகக் கலங்குவதும் கதையில் வந்தே தீர வேண்டும்.
* கதை எழுதப்படும்போதே ஒளிபரப்பாவதால், பார்வையாளரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்பப் பாத்திரத்தின் போக்கு மாறுகிறது.
* நடிகரின் ஆற்றல் எழுத்தில் இல்லாத நிறங்களைப் பாத்திரத்துக்குத் தருகிறது.

திருமுருகன் இயக்கிய மெட்டி ஒலியில் ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் துயரே மையம். இரண்டாவது மகள் சரோவின் கணவன் மாணிக்கம் தாய் சொல்லைத் தட்டாதவன். மனைவிக்கு அவன் இழைக்கும் கொடுமைகளுக்கு அந்தக் கீழ்ப்படிதலே காரணமாகிறது. தாய்க்கு நல்ல மகன் மனைவிக்குக் கொடிய கணவனாவது எப்படி என்பதை இப்பாத்திரம் காட்டியது. வழக்கமாகப் பாராட்டப்படும் ஒரு குணமே தீமைக்கு வழியாவதால், இது மாமியார் கொடுமைக் கதைகளிலிருந்து வேறுபடுகிறது.

விஜய் தொலைக்காட்சியில் 2019 முதல் ஒளிபரப்பான பாரதி கண்ணம்மா, கதைநாயகனையே இத்தகைய நிலையில் வைத்தது. மருத்துவரான பாரதி, பிறர் சூழ்ச்சியால் மனைவியின் நடத்தையில் ஐயம் கொண்டு அவளைப் பிரிகிறான். சூழ்ச்சி செய்தவள் ஒருத்தி என்பதால் அவனுடைய பொறுப்பு நீங்கிவிடுமா என்னும் வினா தொடர் முழுவதும் நீடித்தது. கமலாம்பாள் சரித்திரத்தில் வந்த அதே கரு இது. இதழில் இரண்டு ஆண்டுகளில் முடிந்த ஐயம், தொலைக்காட்சியில் பல நூறு அத்தியாயங்களுக்கு நீண்டது. இவ்வளவு நீளும்போது ஐயம் ஒரு நல்லவரின் பிழையாகத் தோன்றாமல் அவருடைய இயல்பாகவே தோன்றத் தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

எதிர்நீச்சல்: ஆதி குணசேகரன்

கோலங்கள் தொடரை இயக்கிய திருச்செல்வம், 2022 பெப்ரவரி முதல் 2024 சூன் வரை சன் தொலைக்காட்சியில் எதிர்நீச்சல் தொடரை இயக்கினார். மதுரையைக் களமாகக் கொண்ட இக்கதையில் குணசேகரன், ஞானம், கதிர், சக்தி ஆகிய நான்கு சகோதரர்கள் கூட்டுக்குடும்பமாக வாழ்கின்றனர். படித்த பெண்களைத் தேடி மணமுடித்து, பின் அவர்களை வேலைக்குச் செல்ல விடாமல் அடுப்படியில் முடக்குவது அவ்வீட்டின் வழக்கம். இளைய மருமகள் ஜனனியின் வருகைக்குப் பின் ஈசுவரி, ரேணுகா, நந்தினி ஆகிய மூத்த மருமகள்களும் தம் உரிமையை உணரத் தொடங்குகின்றனர்.

பாத்திரப் படைப்பு

குடும்பத் தலைவரான ஆதி குணசேகரன், பெண்களை அடக்குபவராகவும் சொத்துக்காகச் சூழ்ச்சி செய்பவராகவும் தங்கையின் திருமணத்தை அவள் விருப்பத்துக்கு மாறாக நடத்த முனைபவராகவும் எழுதப்பட்டுள்ளார். தொடரின் கருத்துநிலையில் ஐயத்துக்கு இடமில்லை. அது மருமகள்களின் பக்கமே நிற்கிறது. இப்பாத்திரத்தை ஏற்ற நடிகரும் இயக்குநருமான ஜி. மாரிமுத்து, தேனி மாவட்டம் வருசநாட்டுப் பகுதியிலுள்ள பசுமலைத்தேரியைச் சேர்ந்தவர். மதுரை, தேனி வட்டாரப் பேச்சை இயல்பாகக் கொண்ட அவர், குணசேகரனின் ஆணவத்துக்கு எள்ளலும் நகைச்சுவையும் சேர்த்தார். வைகையின் இருபுறமும் உள்ள ஊர்களில் திண்ணையிலும் பஞ்சாயத்திலும் கேட்டுப் பழகிய பெரியவர்களின் குரல் அது. வீட்டுப் பெண்களை அதட்டி விளிக்கும் அவருடைய ‘ஏய், இந்தாம்மா’ என்னும் சொற்றொடர் சமூக ஊடகங்களில் நகைச்சுவைத் துணுக்குகளாகப் பரவியது.

வரவேற்பு

2023 இல் இத்தொடர் தமிழ்த் தொலைக்காட்சிப் பார்வையாளர் தரவரிசையில் முன்னணியில் இருந்தது. பெண்ணுரிமையைப் பேசும் தொடர் என்று பாராட்டப்பட்ட அதே வேளையில், அதில் அதிகம் விரும்பப்பட்ட பாத்திரம் பெண்களை ஒடுக்கும் குணசேகரனே. இம்முரணுக்குப் பல விளக்கங்கள் தரலாம். முதலாவதாக, நகைப்பு அச்சத்தைக் குறைக்கும். வீட்டில் உண்மையாகவே அஞ்ச வேண்டிய ஒருவரைத் திரையில் பார்த்துச் சிரிப்பது ஒருவகை விடுதலை. இரண்டாவதாக, நகைப்பு குற்றத்தையும் குறைக்கும். சிரித்துப் பழகிய ஒருவரின் கொடுமை கொடுமையாகத் தோன்றாமல் போகலாம். மூன்றாவதாக, அக்குரல் பழகிய குரல். தந்தை, பெரியப்பா, மாமா என்று தம் வீட்டு ஆண்களின் சாயலைக் கண்டவர்கள் அவரை முழுமையாக வெறுக்க இயலாதவர்களாயினர். இம்மூன்றும் ஒரே பார்வையாளரிடம் ஒரே நேரத்தில் நிகழக்கூடும்.

நடிகர் மாற்றம்

2023 செப்டம்பர் 8 அன்று சென்னையில் இத்தொடருக்கான குரல்பதிவில் ஈடுபட்டிருந்தபோது மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். அவ்வாண்டில் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் சோதிடத்துக்கு எதிராக அவர் பேசிய பேச்சும் பரவலாகப் பேசப்பட்டது. நடிகரும் பாத்திரமும் வெவ்வேறு என்பதை அது நினைவூட்டியது. அவருக்குப் பின் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி இப்பாத்திரத்தை ஏற்றார். கதையும் பாத்திரத்தின் நோக்கங்களும் அவையே. ஆயினும் நகைச்சுவை குறைந்து கடுமை மிகுந்த வேறொரு குணசேகரன் திரையில் தோன்றினார். பாத்திரத்தின் அற மதிப்பு எழுத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதையும், நடிகரின் குரலும் உடல்மொழியும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதையும் இம்மாற்றம் தெளிவாக்கியது. கதையின் அடுத்த பகுதி 2024 டிசம்பரில் எதிர்நீச்சல் தொடர்கிறது என்னும் பெயரில் தொடங்கியது.

பார்வையாளர் பற்றிய ஆய்வுகள்

எழுதியவரின் நோக்கமும் பார்வையாளர் கொள்ளும் பொருளும் வேறுபடுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. இது குறித்து இரண்டு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கன.

முதலாவது, அமெரிக்காவின் ஆல் இன் த ஃபேமிலி (1971–1979) என்னும் நகைச்சுவைத் தொடர் பற்றியது. இன வெறுப்புக் கொண்ட ஆர்ச்சி பங்கர் என்பவரை எள்ளி நகையாடுவதே அத்தொடரின் நோக்கம். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட ஆய்வு, இன வெறுப்பு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியை எள்ளலுக்குரியவராகக் கொள்ளாமல் அவரைப் பெரிதும் விரும்பினர் என்று காட்டியது. ஒரே காட்சி, இரு சாராருக்கும் அவரவர் முன்பே கொண்டிருந்த கருத்தை உறுதிப்படுத்தியது.

இரண்டாவது, தூர்தர்சனின் ஹம் லோக் (1984–1985) பற்றியது. குடும்பநலம், பெண்ணுயர்வு ஆகிய கருத்துகளைப் பரப்பும் நோக்கில், மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் சபிதோ வகுத்த முறையைப் பின்பற்றி இத்தொடர் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் நடிகர் அசோக்குமார் தோன்றிக் கதையின் படிப்பினையைக் கூறினார். இதில் எல்லாத் துன்பங்களையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பாகவந்தி, பின்பற்றக்கூடாத எடுத்துக்காட்டாகப் படைக்கப்பட்டாள். ஆனால் அரவிந்த் சிங்கல், எவரெட் ரோஜர்சு ஆகியோரின் ஆய்வில், பார்வையாளர் பலர் அவளையே பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் கருதியது தெரியவந்தது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் நேரடியாகச் சொல்லப்பட்ட படிப்பினையும் அதனைத் தடுக்கவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் இணைத்துப் பார்க்கும்போது, அற ஈரடித்தன்மை கதையில் மட்டும் இருப்பதன்று, கதைக்கும் பார்ப்பவருக்கும் இடையே உருவாவது என்னும் முடிவுக்கு வரலாம். கருத்துநிலையில் தெளிவான தொடர் ஒன்று பார்ப்பவரிடத்தில் ஈரடியாகலாம். குணசேகரனின் வரவேற்பு இதற்குத் தமிழ்ச் சான்றாகும்.

இணையத் தொடர்கள்

தி சோப்ரானோசு (1999–2007), பிரேக்கிங் பேட் (2008–2013) முதலிய அமெரிக்கத் தொடர்கள் குற்றம் புரிபவரையே கதைநாயகராக்கி அற ஈரடித்தன்மையைத் தம் மையமாகக் கொண்டன. முன்கூட்டியே எழுதப்பட்டு, ஒரு பருவத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலான அத்தியாயங்களைக் கொண்ட இவ்வமைப்பு இணைய ஒளிபரப்பு வழியாகத் தமிழுக்கும் வந்தது.

புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கிய சுழல் (2022), சிற்றூர் ஒன்றில் மயானக்கொள்ளைத் திருவிழாவின் பின்னணியில் காணாமற்போன பெண்ணைத் தேடும் கதை. தொழிற்சங்கத் தலைவர், காவல் ஆய்வாளர் என மோதும் இரு தரப்பினரும் பெற்றோராக ஒரே துயரில் நிற்கின்றனர். ஆண்ட்ரூ லூயிசு இயக்கிய வதந்தி (2022), கொலையுண்ட இளம்பெண் வெலோனியைப் பற்றி ஊராரும் ஊடகங்களும் எழுத்தாளர் ஒருவரும் சொல்லும் வெவ்வேறு கதைகளை அடுக்குகிறது. இறந்தவள் மறுமொழி கூற இயலாத நிலையில் அவளுடைய ஒழுக்கம் விசாரணைக்கு உள்ளாகிறது. ஈரடியாக இருப்பது அவளது நடத்தையன்று, அவளைப் பற்றிய பேச்சே. ராஜமையரின் வம்பர் மகாசபை இங்கு செய்தி ஊடகமாக வளர்ந்து நிற்கிறது எனலாம்.

ஒழுங்குவிதிகள்

இந்தியாவில் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைப்படங்களைப் போன்ற முன்தணிக்கை இல்லை. 1995 ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதனோடு இணைந்த 1994 ஆம் ஆண்டின் விதிகளிலுள்ள நிகழ்ச்சிக் குறிமுறையும், வன்முறையைத் தூண்டும் அல்லது பெண்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளைத் தடை செய்கின்றன. ஒளிபரப்பாளர்கள் 2011 இல் அமைத்த தன்னொழுங்கு அமைப்பான ஒளிபரப்பு உள்ளடக்க முறையீட்டுக் குழு பொதுமக்களின் முறையீடுகளை ஆராய்கிறது. இணையத் தொடர்களுக்கு 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வயது அடிப்படையிலான வகைப்பாட்டைக் கட்டாயமாக்கின.

இழிவுபடுத்துதலைக் காட்டுவதும், காட்டுவதன் வழியாக இழிவுபடுத்துவதும் வேறு வேறு. இவ்வேறுபாடு காட்சியில் மட்டும் அமைவதில்லை, காட்சி புரிந்துகொள்ளப்படும் முறையையும் சார்ந்துள்ளது. எனவே விதிகளால் இதனை முழுமையாக வரையறுத்தல் கடினம்.

விமர்சனங்கள்

அற ஈரடித்தன்மை குறித்து இருவகை எதிர்ப்புகள் முன்வைக்கப்படுகின்றன.

ஒரு சாரார், தீயவரைப் புரிந்துகொள்ளச் செய்வது அவரை மன்னிக்கச் செய்வதில் முடியும் என்கின்றனர். குடும்ப வன்முறையைச் செய்பவரின் இளமைத் துயரையோ நகைச்சுவையையோ காட்டும்போது, வன்முறைக்கு உள்ளானவரின் துயர் பின்தள்ளப்படுகிறது என்பது இவர்களின் வாதம். வீட்டில் அதே கொடுமையை அனுபவிக்கும் பெண் ஒருத்திக்கு, அக்கொடுமையைப் பார்த்து வீட்டார் சிரிப்பது மேலும் ஒரு தனிமையைத் தரலாம்.

மற்றொரு சாரார், முழுமையான தீயவர்களை மட்டும் காட்டுவதே அதிகக் கேடு விளைவிக்கும் என்கின்றனர். கண்ணை உருட்டி, பின்னணி இசையோடு வருபவரே தீயவர் என்று பழகிவிட்டால், அன்பாகப் பேசிக்கொண்டே மருமகளின் சான்றிதழ்களைப் பூட்டி வைப்பவரை எவரும் இனங்காண மாட்டார். மூளி அலங்காரியைப் பார்த்து அழுதவர்கள் எவரும் தம்மை மூளி அலங்காரி என எண்ணியதில்லை. பார்வையாளர் தம் முகத்தையும் தம் வீட்டார் முகத்தையும் காணக்கூடிய பாத்திரங்களாலேயே தன்னாய்வு இயலும் என்பது இவர்களின் கருத்து.

இரு வாதங்களும் புரிதலுக்கும் மன்னிப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டையே சுட்டுகின்றன. பாண்டியன் செய்த பிழையின் காரணத்தைச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. அவனைப் பெருமைப்படுத்தவும் செய்கிறது. ஆனால் கோவலன் இறந்ததை அது ஒரு கணமும் மறப்பதில்லை, கண்ணகியின் குரலைத் தாழ்த்துவதுமில்லை. அற ஈரடித்தன்மை கொண்ட ஒரு தொடரை மதிப்பிடுகையில், தவறு செய்தவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது என்பதோடு, தவறுக்கு ஆளானவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுதல் பயனுள்ள அளவுகோலாக அமையும்.

இவற்றையும் பார்க்க

* கமலாம்பாள் சரித்திரம்
* சங்கரதாசு சுவாமிகள்
* நல்லதங்காள்
* மர்மதேசம்
* எதிர்நீச்சல் (தொலைக்காட்சித் தொடர்)
* ஹம் லோக்
* நிலக்கோட்டை